நானோ கம்பியில் எலெக்ட்ரான் எதிலும் மோதாமல் போனால் மின்தடை சுழியம் ஆகிவிடுமா?

ஆகாது. ஒரு மோதல்கூட இல்லாவிட்டாலும் எலெக்ட்ரான் அலை போகும் ஒரு வழித்தடத்துக்குச் (இது என்ன என்று கீழே பார்ப்போம்) சுமார் 12,906 ஓம் மின்தடை இருந்தே தீரும். கம்பி எந்தப் பொருளால் ஆனது என்பதைப் பொறுத்து இந்த எண் மாறாது. குவாண்டம் இயற்பியலின் அடிப்படை எண்ணான பிளாங்க் மாறிலியும் எலெக்ட்ரானின் மின்னூட்டமும் மட்டுமே இதைத் தீர்மானிக்கின்றன. இயற்பியலில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு இது.

சாதாரணச் செம்புக் கம்பியில், அறை வெப்பநிலையில், எலெக்ட்ரான் சராசரியாக 40 நானோமீட்டர் போவதற்குள் எதிலாவது மோதித் திசைமாறிவிடும். கம்பி நீள நீள மின்தடை கூடுவது இதனால்தான். கம்பி அந்தத் தூரத்தைவிடக் குட்டையாக இருந்தால், பெரும்பாலான எலெக்ட்ரான்கள் மோதாமலே மறுமுனைக்கு வந்துவிடும்.

சரி, அப்புறம் மின்தடை எங்கிருந்து வருகிறது? இங்கே எலெக்ட்ரானை அலையாகப் பார்க்க வேண்டும். கம்பியின் அகலம் அந்த அலையின் நீளத்தை நெருங்கும்போது, குறுக்குவாட்டில் சில அலைவடிவங்கள் மட்டுமே பொருந்தும். ஒவ்வொரு வடிவமும் ஒரு வழித்தடம். கம்பியின் இரு முனைகளையும் இணைக்கும் தடித்த மின்முனைகளில் இவை ஏராளம், நடுவில் உள்ள கம்பியில் ஒன்றோ இரண்டோ. பல தடங்கள் கொண்ட சாலை ஒற்றைத் தடப் பாலத்தில் வந்து சேர்வதைப் போல, நெரிசல் பாலத்தில் அல்ல, அதன் வாசலில். ஒரு வழித்தடத்தில் எத்தனை எலெக்ட்ரான்கள் போகலாம் என்பதற்கும், ஒரே குவாண்டம் நிலையில் இரண்டு எலெக்ட்ரான்கள் இருக்க முடியாது என்னும் பவுலி விதி வரம்பு போடுகிறது. வெப்பமும் கம்பிக்குள் உண்டாவதில்லை, மின்முனைகளில்தான் வெளிப்படுகிறது. மின்கடத்தலை இப்படி ஊடுருவும் அலையாகப் பார்க்கும் வழியை 1957-இல் இயற்பியலாளர் ரால்ஃப் லாண்டவர் தொடங்கி வைத்தார்.

1988-இல் நெதர்லாந்திலும் கேம்பிரிட்ஜிலும் இரு குழுக்கள் இதைச் சோதனையில் காட்டின. காலியம் ஆர்சனைடு என்னும் குறைகடத்தியில் மிகக் குளிர்ந்த நிலையில் ஒரு குறுகிய பாதையை அமைத்து, மின்னழுத்தத்தால் அதை மெல்ல அகலப்படுத்தினார்கள். கடத்துதிறன் (மின்தடையின் தலைகீழ்) சீராக ஏறவில்லை; ஒவ்வொரு புதிய வழித்தடம் திறக்கும்போதும் ஒரு படி ஏறியது, எல்லாப் படிகளும் ஒரே உயரம். அந்த வரைபடத்தை அவசியம் தேடிப் பாருங்கள். தங்கக் கம்பியை அறுந்துபோகும் வரை இழுத்தால் அறை வெப்பநிலையிலேயே இதே அளவு படிகள் தெரியும். கடைசிப் படியில் மின்சாரம் கிட்டத்தட்ட ஒற்றைத் தங்க அணுவின் வழியாகப் போகிறது.

‘மெல்லிய கம்பி என்றாலே மோதல் இல்லை’ என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். முக்கியம் நீளம். கணினிச் சில்லுகளில் உள்ள செம்பு இணைப்புகள் மெல்லியவை, ஆனால் நீளமானவை. அவற்றில் எலெக்ட்ரான்கள் பக்கச் சுவர்களிலும் படிகத் துகள்களின் எல்லைகளிலும் கூடுதலாக மோதுவதால், செம்பின் தன்தடையே (அளவைச் சாராமல் பொருளுக்கே உரியதாகக் கருதப்படும் மின்தடை) ஏறிவிடுகிறது. ருத்தேனியம், கோபால்ட் போன்ற உலோகங்களைச் சில்லு வடிவமைப்பாளர்கள் நாடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.