கேள்வி – பதில்: நுளம்பும் கால்வாயும் தோடம்பழமும்

கே: கியூபாவை விடுவிக்கப் போன அமெரிக்கா, பிலிப்பைன்ஸை ஏன் தன் கையிலேயே வைத்துக்கொண்டது?
– உயர்தர மாணவி, கிளிநொச்சி

ப: கியூபாவையும் பிலிப்பைன்ஸையும் ஆண்ட ஸ்பெயினோடு 1898இல் நடந்த போருக்கு முன், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் நிறைவேற்றிய டெல்லர் திருத்தத்தை எடுத்துப் பாருங்கள், பிள்ளை. கியூபாவை இணைத்துக்கொள்ள மாட்டோம் என்கிறது. பிலிப்பைன்ஸைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. 1898 மே 1இல் மணிலா விரிகுடாவில் ஸ்பானியக் கப்பற்படை அழிந்தது. ஜூன் 12இல் பிலிப்பீனரின் விடுதலைத் தலைவர் அகினால்டோ சுதந்திரப் பிரகடனம் செய்தார். ஆனால் டிசம்பர் 10இல் பாரிஸில் ஸ்பெயினுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே உடன்படிக்கை கைச்சாத்தானபோது பிலிப்பீனர் ஒருவருக்கும் அங்கே இடமில்லை. 2 கோடி டொலருக்கு நாடு கைமாறியது. காங்கிரஸின் மேலவையான செனட் அதை 57க்கு 27 என்று ஏற்றது; மூன்றில் இரண்டு பங்குக்கு 56 வேண்டும், கிடைத்தது ஒரு வாக்குத்தான் கூட. அந்த வாக்கெடுப்புக்கு இரண்டு நாள் முன்னரே, 1899 பெப்ரவரி 4 இரவு, மணிலாவின் ஓரத்தில் அமெரிக்கப் படைக்கும் பிலிப்பீனருக்கும் இடையே வெடிச்சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டது. விடை எழுதும்போது ஸ்பெயினோடு நடந்த போரோடு நிறுத்திவிடாதீர்கள். பிலிப்பீனருக்கு எதிரான போர்தான் நீண்டது, கொடியது.

கே: பனாமாவில் பிரெஞ்சுக்காரர் தோற்ற இடத்தில் அமெரிக்கர் நுளம்பை ஒழித்து வென்றார்களாமே, எப்படி?
– விவசாயி, ஒட்டுசுட்டான்

ப: மலேரியாக் காய்ச்சலில் நடுங்கிக் கிடந்த வன்னித் தலைமுறைக்கு இது உடனே விளங்கும். கால்வாய் வெட்ட 1881இல் தொடங்கிய பிரெஞ்சு முயற்சி 1889இல் முறிந்தது. அவர்களுடைய வைத்தியசாலையில் எறும்பு ஏறாமலிருக்கக் கட்டில் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தினார்கள். மஞ்சட்காய்ச்சல் நுளம்பு அந்தத் தண்ணீரில்தான் பெருகியது!

1900இல் கியூபாவில் அமெரிக்க இராணுவ வைத்தியர் வால்டர் ரீட்டின் குழு மஞ்சட்காய்ச்சலுக்கு நுளம்பே காரணம் என்று நிறுவியது. 1904இல் பனாமாவுக்கு வந்த இன்னொரு இராணுவ வைத்தியர் கோர்காஸ், இரண்டு நுளம்புக்கும் இரண்டு வழி பார்த்தார். மஞ்சட்காய்ச்சல் நுளம்பு வீட்டோடு ஒட்டியது. நமக்கு டெங்கு தருவதும் அதே இனந்தான். அதற்கு வீடுவீடாகப் புகை போட்டார்கள், தண்ணீர் பிடித்து வைத்த பாத்திரங்களை மூடவைத்தார்கள், குழாய்த் தண்ணீர் கொடுத்தார்கள். 1906 முடிவதற்குள் அந்தக் காய்ச்சல் நின்றது. மலேரியா நுளம்பு வெளியே, தேங்கிய நீரில் பெருகுவது. வடிகால் வெட்டி, பற்றை துப்புரவாக்கி, வடிக்க முடியாத இடத்தில் எண்ணெய் ஊற்றினார்கள். குடம்பி மூச்செடுக்க நீரின் மேலே வரும். எண்ணெய்ப் படை அதைத் தடுத்துவிடும். மழை பெய்தால் எண்ணெய் கழுவுப்பட்டுப் போகும், திரும்ப ஊற்ற வேண்டும். கால்வாய்க்காக வெட்டிய மண்ணிலும் புதுப்புதுக் குட்டைகள். ஆகவே மலேரியா குறைந்தது, ஒழியவில்லை.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அங்கே சம்பளப் பட்டியல் இரண்டு. வெள்ளை அமெரிக்கருக்குத் தங்க நாணயமும் கம்பிவலை அடித்த வீடும். பார்படோஸ் முதலிய தீவுகளிலிருந்து வந்த கறுப்பினத் தொழிலாளருக்கு வெள்ளி நாணயம், நெருக்கியடித்த கொட்டில். அமெரிக்கர் காலத்தில் இறந்த ஏறத்தாழ 5,600 பேரில் பெரும்பாலானோர் இவர்கள்தான்.

கே: அதே காலத்தில் உள்நாட்டில் சீர்திருத்தம் கேட்டவர்கள் இதையெல்லாம் எதிர்க்கவில்லையா?
– ஆசிரியர், வவுனியா

ப: சமூக சேவகி ஜேன் அடம்ஸ் போன்றோர் எதிர்த்தார்கள். ஆனால் இந்தியானா செனட்டர் பெவரிட்ஜைப் பாருங்கள், ஐயா. 1900 ஜனவரியில், பிலிப்பைன்ஸ் என்றைக்கும் நமதே என்று செனட்டில் முழங்கியவர் அவர். 1906இல் இறைச்சிப் பரிசோதனைச் சட்டத்துக்கும் சிறுவர் உழைப்பைத் தடுக்கவும் பாடுபட்டவரும் அவரேதான். அவருக்கு இரண்டும் முரணாகத் தெரியவில்லை. திறமையான அரசு எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்த வேண்டும், தம்மைத் தாமே ஆளத் தகுதியில்லை என்று தான் எண்ணிய மக்களையும் சேர்த்து. அந்தச் சீர்திருத்த இயக்கத்தின் பெரிய பழுது இதுதான் என்பது எங்கள் கருத்து.

நீதிமன்றமும் அப்படியே பிரித்தது. அதே பாரிஸ் உடன்படிக்கையில் அமெரிக்கா பெற்ற தீவான புவர்ட்டோ ரிக்கோவிலிருந்து நியூயோர்க்கில் வந்திறங்கிய தோடம்பழத்துக்குச் சுங்க வரி கேட்டார்கள். ஒரே நாட்டுக்குள் வரும் சரக்குக்கு என்ன வரி என்று இறக்குமதி செய்தவர் வழக்காடினார். 1901இல் உயர் நீதிமன்றம் 5க்கு 4 என்று தீர்த்தது: தீவு அமெரிக்காவுக்குச் சொந்தம், ஆனால் வரி விடயத்தில் அமெரிக்காவின் பகுதி அல்ல. 1913இல் அமெரிக்க அரசியலமைப்பின் 17ஆவது திருத்தம் செனட்டர்களை மக்களே நேரடியாகத் தெரிவுசெய்ய வழி திறந்தது. புவர்ட்டோ ரிக்கோவுக்கோ செனட்டரே கிடையாது. 1917இல் குடியுரிமை கொடுத்தார்கள். சனாதிபதித் தேர்தலில் அத்தீவில் வாழ்பவருக்கு இன்றும் வாக்கில்லை.