அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் நடுவர்களின் விசில் ஏன் ஒரே சீராக இருப்பதில்லை?

முதல் பாதியில் கண்டுகொள்ளாமல் விட்ட அதே இடிக்கு இரண்டாம் பாதியில் ஃபவுல் கொடுக்கிறார்களே, இது பாரபட்சமா, திறமைக் குறைவா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கலாம். ஆனால் நான் பார்த்தவரை பெரிய காரணம் வேறு. நியாயமாக நடக்க வேண்டும் என்ற ஆசையே நடுவரை நிலை தடுமாற வைக்கிறது. இதை நான் வெளியிலிருந்து மட்டும் சொல்லவில்லை.

அமெரிக்காவில் முதுகலை படித்த இரண்டு வருடமும், பல்கலைக்கழக மாணவர்கள் தங்களுக்குள் ஆடும் போட்டிகளில் விசில் பிடித்திருக்கிறேன். ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கூலி தருவார்கள். தொலைக்காட்சியில் வரும் என்.சி.ஏ.ஏ. (கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் தேசிய அமைப்பு) ஆட்டங்களுக்கும் அதற்கும் தூரம் அதிகம். ஆனால் விசிலை வாயில் வைத்துக்கொண்டு நிற்கும்போது மனதுக்குள் என்ன நடக்கிறது என்பது அங்கேதான் எனக்குப் புரிந்தது.

ஒரு இரவு ஆட்டம். ஒரு அணி மைதானம் முழுக்க விரட்டி விரட்டித் தடுக்கும், இன்னொரு அணி கூடைக்கு அருகே ஒதுங்கி நின்று இடத்தை மட்டும் காக்கும். இயல்பாகவே முதல் அணிக்கு ஃபவுல் கூடும். இடைவேளையில் பலகையில் 8, 2 என்று இருந்தது. அந்த எட்டும் சரியான விசில்கள்தான் என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் பெஞ்சில் இருந்தவர்கள் "எட்டுக்கு ரெண்டா?" என்று கத்தியதும் அந்த எண் என் தலையில் ஒட்டிக்கொண்டது. இரண்டாம் பாதி தொடங்கி மூன்று நிமிடத்துக்குள் மற்ற அணி மேல் நான்கு முறை விசில் அடித்துவிட்டேன். அதில் இரண்டு, முதல் பாதியில் நான் விட்ட வகை உரசல்கள். எனக்கு அது தெரியவே இல்லை. நியாயமாக நடத்துகிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆட்டம் முடிந்ததும் எங்களை மேற்பார்வை பார்த்த பெரியவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பல வருடம் பள்ளி, சிறு கல்லூரி ஆட்டங்களுக்கு நடுவராக இருந்தவர். அந்த நான்கு விசிலையும் ஆட்டக்காரரைப் பார்த்து அடித்தாயா, பலகையைப் பார்த்து அடித்தாயா என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

இது என் ஒருவனின் குறை இல்லை என்பது பிறகு படித்தபோது தெரிந்தது. 2004-05 பருவத்தின் 365 கல்லூரி ஆட்டங்களை எடுத்து இரண்டு ஆய்வாளர்கள் அலசி 2009-ல் வெளியிட்டார்கள். யார் குறைவான ஃபவுல் வாங்கியிருக்கிறார்களோ அவர்கள் மேல்தான் அடுத்த விசில் விழும் வாய்ப்பு அதிகம். வித்தியாசம் கூடக்கூட அந்த வாய்ப்பும் கூடுகிறது. அதோடு வெளியூரிலிருந்து வந்த அணி மேலும், முன்னிலையில் இருக்கும் அணி மேலும் விசில் கூடுதலாக விழுகிறது. எல்லாம் ஒன்று சேரும்போது அடுத்த ஃபவுல் வெளியூர் அணி மேல் விழும் வாய்ப்பு 70 சதவீதம் வரை போகிறது. சொந்த ஊர் ரசிகர்களின் கூச்சல் நடுவரை அசைக்கும் என்று எல்லோரும் ஊகிப்பதுதான். கணக்கைச் சமன் செய்யும் இந்தப் பழக்கம்தான் என்னை அதிகம் உறுத்தியது, ஏனென்றால் அதன் பலன் யாருக்குப் போகிறது என்று யோசித்துப் பாருங்கள். முரட்டுத்தனமாக ஆடும் அணிக்குத்தான். பத்து முறை இடித்தால் ஆறு முறை விசில் வரும், பிறகு எதிரணி மேலும் ஆறு வந்து சமமாகிவிடும் என்று தெரிந்தால், எந்தப் பயிற்சியாளர் பிள்ளைகளை அடக்கி ஆடச் சொல்வார்?

சரி, விதிப் புத்தகம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். அதுவே பாதி முடிவை நடுவரின் கண்ணுக்கு விட்டுவிடுகிறது. கூடைப்பந்தில் உடலோடு உடல் படுவதெல்லாம் ஃபவுல் ஆகாது. பட்டதால் ஒருவருக்கு நியாயமில்லாத அனுகூலம் கிடைத்ததா என்று பார்க்க வேண்டும். இதில் மிகக் கடினமானது பிளாக்கா (தடுப்பவர் மேல் தவறு) சார்ஜா (பாய்பவர் மேல் தவறு) என்ற கேள்வி. கூடையை நோக்கிப் பாய்பவரின் வழியில் தடுப்பவர் எப்போது வந்து நின்றார்? 2013-14 பருவத்தில், பாய்பவர் பந்தோடு மேலே எழும்பத் தொடங்குவதற்கு முன் தடுப்பவர் இடம் பிடித்திருக்க வேண்டும் என்றார்கள். 2023-24-ல், எழும்புவதற்காகக் கடைசிக் காலை ஊன்றுவதற்கு முன்பே என்று இன்னும் இறுக்கினார்கள். ஊன்றிய கால் ஓரிடம், தடுப்பவரின் மார்பு ஓரிடம், மோதல் இன்னோரிடம். மூன்றையும் கண்ணிமைக்கும் நேரத்தில் பார்த்துவிட வேண்டும். இதில் இரண்டு நல்ல நடுவர்கள் இரண்டு விதமாகச் சொன்னால் நான் கோபப்பட மாட்டேன்.

நான் கோபப்படுவது வேறொன்றுக்கு. அதே 2013-14-ல் கை வைத்துத் தடுப்பதை ஒழிக்கப் புதிய விதிகள் வந்தன. பந்தோடு ஓடுபவர் மேல் இரண்டு கையையும் வைக்கக் கூடாது, ஒரு கையை வைத்து அப்படியே விடக் கூடாது, முன்கையைக் குறுக்கே கொடுத்துத் தள்ளக் கூடாது, திரும்பத் திரும்பக் கையால் தொட்டு இடிக்கக் கூடாது. எவ்வளவு தெளிவாக இருக்கிறது பாருங்கள். அதற்கு முந்தைய பருவத்தில் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் எடுத்த சராசரிப் புள்ளிகள் 67.5 ஆக விழுந்திருந்தன, முப்பது வருடங்களில் அவ்வளவு குறைந்ததே இல்லை. புது விதி வந்ததும் சராசரி 71 அளவுக்கு ஏறியது. அடுத்த பருவத்திலேயே மறுபடி 67-ஐ ஒட்டி வந்துவிட்டது. புத்தகத்தில் விதி அப்படியேதான் இருந்தது. தளர்ந்தது விசில். தொடக்கத்தில் நடுவர்கள் கறாராக இருந்தார்கள், ஆட்டம் நின்று நின்று போகிறது என்று பயிற்சியாளர்களும் ரசிகர்களும் முணுமுணுத்தார்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் கைகள் திரும்ப வந்துவிட்டன. பருவம் தொடங்கும் நவம்பரில் ஃபவுலாக இருப்பது மார்ச்சில் நல்ல தடுப்பாட்டம் ஆகிவிட்டால், நேர்மையாகக் காலை நகர்த்தித் தடுக்கக் கற்றுக்கொண்ட பையன் என்ன ஆவான்?

வேலை அமைப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தொழில்முறை லீகான என்.பி.ஏ.-வில் 30 அணிகள். ஏறத்தாழ 75 நடுவர்கள், அத்தனை பேரும் அதன் ஊழியர்கள். கல்லூரியில் ஆண்கள் முதல் பிரிவில் மட்டும் 360-க்கும் மேற்பட்ட அணிகள், முப்பதுக்கும் அதிகமான கூட்டமைப்புகள் (கல்லூரிகள் சேர்ந்து தங்களுக்குள் ஆடும் குழுக்கள்). நடுவர்கள் யாருடைய ஊழியர்களும் கிடையாது. ஆட்டத்துக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம், பலருக்குப் பகலில் வேறு தொழில். பெயர் பெற்றவர்கள் பல கூட்டமைப்புகளுக்கு ஒரே நேரத்தில் வேலை செய்கிறார்கள், வாரத்துக்கு ஐந்தாறு ஆட்டம், ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஊரில். இன்றைக்கு ஒன்றாக நிற்கும் மூன்று பேரும் போன வாரம் வேறு வேறு ஆட்களோடு நின்றிருப்பார்கள். ஒரு கூட்டமைப்பில் முட்டி மோத விடுவார்கள், இன்னொன்றில் தொட்டாலே விசில். மார்ச்சில் 68 அணிகள் தேசியப் போட்டிக்கு வரும்போது இந்தப் பழக்கங்களெல்லாம் ஒரே மைதானத்தில் வந்து மோதுகின்றன.

அதன் விலையைக் கொடுப்பது ஆட்டக்காரர்கள். என்.பி.ஏ.-வில் 48 நிமிடத்துக்கு ஆறு ஃபவுல். கல்லூரியில் 40 நிமிடத்துக்கு ஐந்துதான். முதல் பாதியில் இரண்டு வாங்கிவிட்டால் பெரும்பாலான பயிற்சியாளர்கள் அவரை இடைவேளை வரை பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார்கள். ஆக, முதல் ஐந்து நிமிடத்தில் தவறாக விழுந்த ஒரே ஒரு விசில் ஒரு நட்சத்திர ஆட்டக்காரரின் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தை விழுங்கிவிடும்.

2023 ஏப்ரல் 2-ல் நடந்த பெண்கள் இறுதி ஆட்டம் நினைவிருக்கிறதா? எல்.எஸ்.யு. (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) 102, அயோவா 85. சராசரியாக 99 லட்சம் பேர் பார்த்த ஆட்டம். மூன்றாம் கால் பகுதியின் கடைசியில், விசில் அடித்த பிறகு அயோவாவின் நட்சத்திரம் கெய்ட்லின் கிளார்க் பந்தை நடுவர் கையில் கொடுக்காமல் பின்பக்கமாகத் தட்டிவிட்டார். ஆட்டத்தைத் தாமதப்படுத்தியதற்காக அயோவாவுக்கு ஏற்கெனவே எச்சரிக்கை இருந்ததால் டெக்னிக்கல் ஃபவுல், அதாவது உடல் மோதலுக்கு அல்லாமல் நடத்தைக்குத் தரும் ஃபவுல். அதுவே அவருடைய நான்காவது ஃபவுலாகவும் சேர்ந்தது. புத்தகப்படி அதில் குற்றம் சொல்ல இடமில்லை. ஆனால் பந்தை அப்படித் தட்டிவிடுவதை எத்தனை ஆட்டங்களில் கண்டும் காணாமல் விட்டிருக்கிறார்கள்! இறுதி ஆட்டத்தில், அதுவும் மூன்று ஃபவுலோடு ஆடுபவர் மேல் அதைத் தேடிப் பிடித்ததை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை. எல்.எஸ்.யு. அன்றைக்கு மேலான அணி, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் அந்த விசில் அந்த ஆட்டத்துக்குத் தேவையில்லாதது.

கடைசி நிமிட விசில்கள் பற்றி என் கருத்து உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். "கடைசி நொடியில் நடுவர் தலையிடக் கூடாது, ஆட்டக்காரர்களே முடிவு செய்யட்டும்" என்கிறார்களே, அதை நான் ஏற்பதில்லை. விசில் அடிக்காமல் இருப்பதும் ஒரு முடிவுதான், அதில் லாபம் அடைவது தவறு செய்தவர். 2024 ஏப்ரல் 5, பெண்கள் அரையிறுதியில் அயோவாவுக்கு எதிராக யூகான் (கனெக்டிகட் பல்கலைக்கழகம்) ஒரு புள்ளி பின்தங்கி இருக்கிறது, 3.9 நொடி மிச்சம், பந்து அவர்களிடம். யூகானின் ஆலியா எட்வர்ட்ஸ் மேல் தவறான ஸ்க்ரீன் (தன் அணியாளுக்காகத் தடுப்பவரின் வழியை மறித்து நிற்பது) என்று விசில். அயோவா 71-69 என்று வென்றது. மறுநாள் முழுக்க அதே பேச்சு. நானும் பலமுறை திரும்பப் போட்டுப் பார்த்தேன், அது ஃபவுல்தான். 2023-ல் சான் டியேகோ ஸ்டேட் 57-56 என்று கிரெய்டனை வென்றதும் 1.2 நொடி மிச்சமிருக்கும்போது கொடுத்த ஃபவுலால்தான். அதுவும் சரி என்பேன். இப்படிப்பட்ட ஸ்க்ரீன்களையும் தள்ளல்களையும் முதல் நிமிடத்திலிருந்தே பிடித்திருந்தால் கடைசி நொடி விசிலைக் கண்டு யாரும் திடுக்கிட்டிருக்க மாட்டார்கள் என்பதுதான் என் ஆதங்கம்.

2019-ல் வர்ஜீனியாவும் ஆபர்னும் ஆடிய அரையிறுதி இதைவிடக் கொடுமை. 0.6 நொடி இருக்கும்போது கைல் கை என்ற வர்ஜீனியா ஆட்டக்காரர் மூன்று புள்ளிக்கு எறிகிறார், ஃபவுல் என்று விசில். மூன்று ஃப்ரீ த்ரோவையும் போட்டு வர்ஜீனியா 63-62 என்று வெல்கிறது. அந்த ஃபவுல் சரியானதுதான். ஆனால் அதற்குச் சில நொடி முன்பு வர்ஜீனியாவின் டை ஜெரோம் டபுள் டிரிப்பிள் (தட்டிக்கொண்டிருந்த பந்தைக் கையில் பிடித்துவிட்டு மறுபடி தட்டும் தவறு) செய்ததை நடுவர்கள் கவனிக்கவில்லை. அதைப் பிடித்திருந்தால் பந்து ஆபர்ன் கையில். ரீப்ளேயில் பார்த்துத் திருத்தவும் வழியில்லை, அந்த மாதிரித் தவறு மறுபார்வைக்குள் வராது.

ரீப்ளேயை நம்பி இருப்பவர்களுக்கும் அதனால்தான் சொல்கிறேன், அது இந்தப் பிரச்சினையைத் தீர்க்காது. 2025-26 முதல் ஆண்கள் ஆட்டத்திலும் பயிற்சியாளர் ஒரு முடிவை எதிர்த்து மறுபார்வை கேட்கலாம். ஆனால் பந்து யார் மேல் பட்டு வெளியே போனது போன்ற, கண்ணால் பார்த்துத் தீர்க்கக்கூடிய சில விஷயங்களுக்குத்தான் அது. உரசல் ஃபவுலா இல்லையா என்பது நடுவர் கையிலேயே இருக்கிறது, அது அப்படித்தான் இருக்கவும் வேண்டும்.

பதிலாக, என்.பி.ஏ. 2015 முதல் செய்வதைக் கல்லூரியும் செய்யலாம். நெருக்கமாக முடிந்த ஆட்டங்களின் கடைசி இரண்டு நிமிடத்தில் எது சரி, எது தவறு, எதை விட்டார்கள் என்று அங்கே மறுநாளே வெளியிடுகிறார்கள். அதைப் பார்த்து ரசிகர்கள் நடுவரை வேட்டையாடுவார்கள் என்ற பயம் இருக்கிறது. அந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2017-ல் கென்டக்கி 75-73 என்று நார்த் கரோலைனாவிடம் தோற்றபோது, அந்த ஆட்டத்தில் நின்ற ஒரு நடுவருக்குக் கொலை மிரட்டல் வரை போனது. அவர் நடத்தும் கூரை போடும் நிறுவனத்தைப் பற்றி, அவரைப் பார்த்தே இராதவர்கள் இணையத்தில் பொய் மதிப்புரைகளாக எழுதிக் குவித்தார்கள். நீங்கள் எவ்வளவு கோபத்தில் இருந்தாலும் அந்தப் பக்கம் போகாதீர்கள். ஆனால் எதையும் சொல்லாமல் மூடி வைத்திருப்பதுதான் அந்தச் சந்தேகத்தையும் வெறியையும் வளர்க்கிறது என்று நினைக்கிறேன்.

அடுத்த முறை ஆட்டம் பார்க்கும்போது ஒன்று செய்யுங்கள். ஆண்கள் ஆட்டத்தின் முதல் பாதியில் ஏறத்தாழ 16 நிமிடம் மிச்சமிருக்கும்போது முதல் விளம்பர இடைவேளை வரும். அதுவரை ஃபவுல் எண்ணிக்கையைப் பார்க்காமல், பந்தோடு ஓடுபவரின் இடுப்பில் கை வைப்பதை எத்தனை முறை விட்டார்கள், எத்தனை முறை பிடித்தார்கள் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் பாதியில் ஏறத்தாழ 4 நிமிடம் மிச்சமிருக்கும்போது வரும் இடைவேளைக்குப் பிறகு அதே கையை மறுபடி பாருங்கள். நான் அந்த இரவுக்குப் பிறகு விசில் பிடித்த ஒவ்வொரு ஆட்டத்திலும் பலகைக்கு முதுகு காட்டியே நிற்கப் பழகிக்கொண்டேன்.