ஸ்கான் எடுக்கவில்லையே என்று தவிக்கும் தாய்க்கு

கேள்வி: 12 வயது மகனுக்கு மூன்று நாட்களுக்கு முன் கடினப்பந்து தலையில் பட்டது. கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டான், ஒருமுறை சத்தி எடுத்தான். ஆஸ்பத்திரியில் ஓரிரவு வைத்துப் பார்த்து, ஸ்கான் எடுக்காமலே விட்டார்கள். இன்னும் தலையிடி. தனியாரில் எடுக்கவா? சனிக்கிழமை மட்ச் விளையாடலாமா?
— ஒரு தாய், கொக்குவில்

பதில்: விளையாட விடவேண்டாம். ஸ்கானைவிட அதுதான் முக்கியம்.

நீங்கள் சொல்வது மூளை அதிர்ச்சி போலத்தான் தெரிகிறது. சி.டி. ஸ்கானில் தெரிவது இரத்தக்கசிவும் மண்டையோட்டு வெடிப்பும்; மூளையின் வேலை குழம்பியிருப்பது அதில் தெரியாது. 'ஸ்கான் நோர்மல்' என்ற தாளை நம்பிப் பிள்ளையை மைதானத்துக்கு அனுப்புகிறவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. வைத்தியர் எழுதாமல், "தெரிஞ்ச இடமிருக்கு, உடனே எடுத்துத் தாறன்" என்று யாராவது ஓட்டோவில் ஏற்ற வந்தால் ஏறாதீர்கள். அவருக்குக் கொமிஷன் கிடைக்கலாம். பிள்ளைக்குக் கிடைப்பது கதிர்வீச்சு. எண்ணெய் வைத்துத் தலை உருவுகிறவர்களிடமும் போகவேண்டாம்.

நித்திரை கொள்ளட்டும், அது நல்லது. தலையிடிக்கு நிறைக்கேற்ற அளவில் பனடோல் போதும். ஆனால் தலையிடி கூடிக்கொண்டே போனால், திரும்பத் திரும்பச் சத்தி எடுத்தால், வலிப்பு வந்தால், கைகால் சோர்ந்தால், எழுப்பியும் எழும்பாவிட்டால் 1990 என்ற இலக்கத்துக்கு அடித்து அம்புலன்சைக் கூப்பிடுங்கள். அது இலவசம்.

வீட்டில் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தலையில் அடிபட்டால் கணக்கு வேறு. நெற்றியில் புடைத்தால் அவ்வளவு பயமில்லை. காதுக்கு மேலோ பின்மண்டையிலோ கொழகொழவென்று வீங்கினால், குழந்தை சிரித்து விளையாடினாலும் அன்றே காட்டவேண்டும். சிரிக்கிறதே என்று விடியும்வரை வைத்திருக்கக்கூடாது. நெற்றி வேறு, பக்கமும் பின்னும் வேறு, அம்மம்மாவுக்கும் சொல்லிவையுங்கள்.

உங்கள் மகனை இருட்டறையில் படுக்கவைக்கத் தேவையில்லை. முதல் இரண்டு நாள் ஓய்வு முடிந்துவிட்டது. இனி மெதுவாக நடக்கட்டும், அரைநாள் பள்ளிக்கூடம் போகட்டும். ரியூசன் இப்போதைக்கு வேண்டாம். முழுநாள் பாடம் தலையிடியில்லாமல் தாங்கியபின் மெல்லோட்டம், பிறகு வலைப்பயிற்சி, கடைசியில்தான் மட்ச். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒருநாள். தலையிடி கூடினால் ஒருபடி கீழே. முழுதாகக் குணமாகுமுன் தலையில் இன்னொரு அடி பட்டால் நிலைமை மோசமாகலாம். நாலு கிழமையாகியும் ஆறாவிட்டால் திரும்பக் காட்டுங்கள்.

காய்ச்சலுக்கு மூன்று நாள் வராவிட்டால் மெடிக்கல் கேட்கும் பள்ளிக்கூடம், தலையில் அடிபட்டவனைக் களமிறக்க ஒரு துண்டும் கேட்பதில்லை. கோச் சொன்னால் சரி. ஆகவே கிளினிக்கில் 'விளையாடக்கூடாது' என்று நீங்களே எழுதி வாங்கி, பிரதி ஒன்றை வைத்துக்கொண்டு அதிபரிடம் கொடுங்கள்.