ஐந்து நட்சத்திரக் காரை எவ்வளவு நம்பலாம்?

கார் மோதல் சோதனை பற்றி மதுரை வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாக எடுத்துக்கொண்டேன்.

அண்ணே, எங்கள் வீட்டில் முதல் தடவையாகப் புது கார் வாங்கப் போகிறோம். மதுரை ஷோரூமில் "ஃபைவ் ஸ்டார் வண்டி சார், கண்ணை மூடிக்கிட்டு எடுங்க" என்கிறார்கள். என் மச்சானோ, கம்பெனிக்காரனே காசு கட்டி வாங்குகிற ஸ்டார் அது, அதுவும் 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதிப் பார்த்துவிட்டு, நாலுவழிச் சாலையில் 110-ல் போகிறவனுக்கு என்ன உத்தரவாதம் என்கிறான். யார் பேச்சைக் கேட்பது?
— வாசகர், உசிலம்பட்டி

தம்பி, உங்கள் மச்சான் கேட்ட இரண்டுமே சரியான கேள்விகள். ஆனால் அதை வைத்து ஸ்டாரெல்லாம் சும்மா என்று முடிவு கட்டினால் அது தப்பு.

காரை மோதிப் பார்த்து நட்சத்திரம் கொடுக்கும் அரசுத் திட்டமான பாரத் என்கேப், நம் நாட்டில் 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. காரை 64 கி.மீ. வேகத்தில் கொண்டுபோய், முன்பக்கத்தின் அகலத்தில் 40 சதவீதம் மட்டும் படும்படி ஒரு தடுப்பில் மோத விடுவார்கள். தடுப்பின் முகப்பு தேன்கூடு மாதிரி அமைந்த அலுமினியம், எதிரே வரும் காரைப் போல அதுவும் நசுங்கும். அப்புறம் ஒரு நகரும் தடுப்பு 50 கி.மீ. வேகத்தில் வந்து பக்கவாட்டில் இடிக்கும். மூன்று நட்சத்திரமோ அதற்கு மேலோ வேண்டுமென்றால் காரைப் பக்கவாட்டாகக் கம்பத்தில் மோதும் சோதனையும் உண்டு, அதற்கு 29 கி.மீ. வேகம். உள்ளே உட்கார வைக்கிற பொம்மையின் தலை, கழுத்து, நெஞ்சு, தொடை எல்லாவற்றிலும் உணர்கருவிகள் இருக்கும். முகத்திலும் முழங்காலிலும் வண்ணம் பூசிவிடுவார்கள். மோதி முடிந்ததும் அந்த வண்ணம் ஏர்பேக்கில் ஒட்டியிருக்கிறதா, ஸ்டியரிங்கில் ஒட்டியிருக்கிறதா, டேஷ்போர்டில் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தால் எது எங்கே இடித்தது என்பது தெரிந்துவிடும். பெரியவர்கள் பாதுகாப்புக்கு 32 மதிப்பெண், குழந்தைகளுக்கு 49. ஐந்து நட்சத்திரம் வாங்க முதலாவதில் 27, இரண்டாவதில் 41 எடுத்தாக வேண்டும்.

காசு விஷயத்துக்கு வருகிறேன். விண்ணப்பிப்பது கம்பெனிதான், செலவும் அவர்களுடையதுதான். ஆனால் நெஞ்சில் எவ்வளவு அழுத்தம் விழுந்தது என்பதைக் கருவி சொல்கிறது, அதைக் காசு கட்டி மாற்ற முடியாது. எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறு. இந்தச் சோதனை கட்டாயம் இல்லை. தேறாது என்று தெரிந்த வண்டியைக் கம்பெனி சோதனைக்கே அனுப்பாமல் இருந்துவிடலாம். அதனால் ஸ்டார் போடாத வண்டியைக் காட்டினால், இது ஏன் இன்னும் சோதனைக்குப் போகவில்லை என்று ஷோரூமிலேயே கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம், கட்டப்போவது உங்கள் பணம்.

நிஜ விபத்தில் இந்த மதிப்பெண்ணுக்கு மரியாதை உண்டா? உண்டு. அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் ஐ.ஐ.எச்.எஸ். அமைப்பு, உண்மையில் நடந்த விபத்துகளை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறது. ஓட்டுநர் பக்கம் இடிபட்ட விபத்துகளில், பக்கவாட்டுச் சோதனையில் 'நன்று' வாங்கிய கார்களின் ஓட்டுநர்கள் இறக்கும் வாய்ப்பு, 'மோசம்' வாங்கிய கார்களைவிட 70 சதவீதம் குறைவு என்று 2011-ல் சொன்னது. இதைப் பார்த்த பிறகு ஸ்டாரை ஒதுக்கிவிட்டு கார் வாங்க எனக்கு மனசு வராது.

ஆனால் அந்த மதிப்பெண் அந்தச் சோதனைக்கு மட்டும்தான். வினாவங்கியை மட்டும் உருப்போட்டுப் போகிற பிள்ளை மாதிரி கம்பெனிகளும் நடந்துகொள்ளும். முன்பக்கத்தில் கால்பங்கு அகலம் மட்டும் இடிபடும் சோதனையை ஐ.ஐ.எச்.எஸ். 2012-ல் கொண்டுவந்தது, ஓட்டுநர் பக்கத்தில் மட்டும். பல கம்பெனிகள் அந்தப் பக்கத்தைப் பலப்படுத்தி நல்ல மதிப்பெண் வாங்கின. அதே வண்டிகள் சிலவற்றைப் பக்கத்து இருக்கைப் பக்கம் மோதிப் பார்த்து 2016-ல் வெளியிட்டபோது, பல வண்டிகள் அந்தப் பக்கம் அவ்வளவு உறுதியாக இல்லை என்று தெரிந்தது. பக்கத்து இருக்கையில் உட்காருகிற மனைவிக்கும் அம்மாவுக்கும் ஒரு நியாயம், ஓட்டுகிறவருக்கு ஒரு நியாயமா? இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

அடுத்தது வேகம். மோதலின் ஆற்றல் வேகத்தின் இருமடியாக ஏறும். 64-லிருந்து 100-க்குப் போனால் கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு, 110 என்றால் ஏறக்குறைய மூன்று மடங்கு. முன்பக்கச் சோதனை என்பது உங்கள் கார் எடையே உள்ள இன்னொரு கார் அதே மாதிரி வேகத்தில் எதிரே வந்து மோதுவதற்குச் சமம், அவ்வளவுதான். சின்னக் காரின் ஐந்தும் பெரிய காரின் ஐந்தும் ஒன்றுக்கொன்று மோதும்போது சமம் ஆகாது. லாரி, பஸ் என்றால் பேச்சே இல்லை.

கப்பலூர் தாண்டித் திருமங்கலம், விருதுநகர் பக்கம் ராத்திரி இரண்டு மணிக்கு ஓட்டிப் பாருங்கள். இண்டிகேட்டர் கூடப் போடாமல் ஓரமாக நிற்கும் லாரி, பின்விளக்கே இல்லாமல் வைக்கோல் ஏற்றிப் போகும் டிராக்டர், சென்டர் மீடியன் இடைவெளியில் எதிர்த்திசையில் நுழையும் பைக். லாரியின் பின்புறம் கார் பானெட்டைவிட உயரம். கார் அதற்கு அடியில் புகுந்தால், நசுங்குவதற்கென்றே செய்த முன்பாகத்துக்கு வேலையே இருக்காது, லாரியின் உடம்பு நேராகக் கண்ணாடியில் வந்து இடிக்கும். அந்த மாதிரி மோதலை நட்சத்திரச் சோதனை எதுவும் அளப்பதில்லை. அங்கே உங்களைக் காப்பாற்றுவது 80-க்குள் ஓட்டுவதும் தூக்கம் வந்தால் நிறுத்திவிடுவதும்தான்.

ஆகவே வாங்குங்கள், நட்சத்திரம் பார்த்தே வாங்குங்கள். பாரத் என்கேப் ஸ்டிக்கரில் உள்ள க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் அறிக்கை வரும். அதில் சோதித்த வண்டி எந்த வேரியண்ட், எந்தத் தேதி, பெரியவர்களுக்கு எத்தனை, குழந்தைகளுக்கு எத்தனை என்று தனித்தனியாகப் பாருங்கள். நெஞ்சுக்கும் தலைக்கும் என்ன நிறம் போட்டிருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள், பச்சை நல்லது, சிவப்பு மோசம். உங்கள் மச்சானையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே பாருங்கள்.

ஐயா, ஒரே பெயரில் வரும் காருக்கு வெளிநாட்டில் ஒரு ஸ்டார், நம் ஊரில் வேறு ஸ்டார். இது மோசடி இல்லையா?
— வாசகர், மேலூர்

பெயர்தான் ஒன்று, வண்டி ஒன்று இல்லை. சுசூகி ஸ்விஃப்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2017-ல் ஐரோப்பிய சோதனையில் மூன்று நட்சத்திரம், கூடுதல் பாதுகாப்பு வசதி சேர்த்த வண்டிக்கு நான்கு. 2018-ல் இந்திய ஸ்விஃப்ட்டுக்கு குளோபல் என்கேப் என்ற சர்வதேச மோதல் சோதனை அமைப்பு கொடுத்தது இரண்டு. சோதனை முறையும் வேறு, உள்ளே இருந்த ஏர்பேக் எண்ணிக்கையும் வேறு. ஐரோப்பாவில் போடுவதை நமக்கு ஏன் போடவில்லை என்று கேட்பதில் முழு நியாயம் இருக்கிறது, அப்படிக் கேட்டதால்தான் நிலைமை மாறியது. 2014-ல் குளோபல் என்கேப் முதன்முதலாக நம் ஊர்ச் சின்னக் கார்கள் ஐந்தை மோதிப் பார்த்தபோது ஐந்துமே பூஜ்யம். 2018 டிசம்பரில் டாடா நெக்ஸான் ஐந்து வாங்கியது. 2024 நவம்பரில் மாருதி டிசையரும் ஐந்து வாங்கியது.

தேதியையும் கவனியுங்கள். 2005-ல் ஐரோப்பாவில் ஐந்து வாங்கிய ஃபியட் புன்டோ, 2017-ல் திரும்பச் சோதித்தபோது பூஜ்யம். வண்டி அப்படியேதான் இருந்தது, பரீட்சைதான் கடினமாகிவிட்டது.

சார், பழைய அம்பாசிடர் மாதிரி கெட்டி இரும்பில் செய்த வண்டிதானே பாதுகாப்பு? இப்போது வருவதெல்லாம் லேசாக இடித்தாலே நசுங்கிவிடுகிறது.
— வாசகர், வாடிப்பட்டி

நசுங்க வேண்டிய இடம் நசுங்குவதுதான் நல்லது அண்ணே. முன்பக்கம் நசுங்கி ஆற்றலை வாங்கிக்கொள்ள வேண்டும், ஆட்கள் உட்காரும் கூடு மட்டும் அப்படியே நிற்க வேண்டும். 2009-ல் ஐ.ஐ.எச்.எஸ். 1959-ஆம் வருஷத்து ஷெவர்லே பெல் ஏர் காரையும் 2009-ஆம் வருஷத்து ஷெவர்லே மாலிபுவையும் நேருக்கு நேர் மோத விட்டது. பழைய கெட்டி வண்டியின் கூடு உள்ளே மடிந்து, ஓட்டுநர் பிழைக்க வழியே இல்லாமல் போனது. புது வண்டியின் ஓட்டுநருக்குக் காலில் சின்னக் காயத்தோடு முடிந்திருக்கும்.

பழைய கார் வாங்கப் போகிறீர்கள் என்றால் 2019 அக்டோபருக்குப் பிறகு தயாரான வண்டியாகத் தேடுங்கள். விற்கிற எல்லா கார்களும் முன்பக்க மோதல், பக்கவாட்டு மோதல் என்ற சட்டப்படியான அடிப்படைச் சோதனைகளில் தேற வேண்டும் என்பது அப்போதுதான் வந்தது. அதிலும் முன்பக்கச் சோதனைக்கு 56 கி.மீ. வேகம்தான், நட்சத்திரச் சோதனையைவிடக் குறைவு.

என் மாமியார் பின் சீட்டில் பெல்ட் போடவே மாட்டேன் என்கிறார், சேலை கசங்குகிறதாம். இரண்டு வயதுப் பேரனை மடியில் வைத்துக்கொள்கிறார். ஐந்து நட்சத்திர வண்டிதானே, கவலை வேண்டாம் என்று கணவர் சொல்கிறார்.
— வாசகி, மதுரை அண்ணாநகர்

அம்மா, கவலைப்பட வேண்டும். அந்த ஐந்தும் பெல்ட் போட்ட பொம்மைக்குக் கொடுத்தது. குழந்தைகளுக்கான 49 மதிப்பெண், ஒன்றரை வயது, மூன்று வயது அளவுப் பொம்மைகளைக் குழந்தை இருக்கையில் கட்டி வைத்துப் போட்டது. மடியில் உட்கார்ந்த பேரனுக்கு உங்கள் காரில் ஒரு நட்சத்திரமும் கிடையாது. 50 கி.மீ. வேகத்தில் கார் மோதி நின்றால், 10 கிலோ பிள்ளையைப் பிடித்து நிறுத்த 150 கிலோவைத் தூக்குகிற பலம் வேண்டும். எந்தப் பாட்டியாலும் முடியாது.

2022 செப்டம்பரில் டாடா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி இறந்த விபத்தை உங்கள் கணவருக்கு நினைவுபடுத்துங்கள். உயர்ரக கார். முன்னால் இருந்த இருவரும் பிழைத்தார்கள், பின்னால் இருந்த இருவரும் இறந்தார்கள், பின்னால் இருந்தவர்கள் பெல்ட் போடவில்லை என்றது போலீஸ். பின்னிருக்கைக்கும் பெல்ட் சட்டப்படி கட்டாயம், போடாவிட்டால் ஆயிரம் ரூபாய் அபராதம். அத்தையிடம் அபராதத்தைச் சொல்ல வேண்டாம், பேரனைச் சொல்லுங்கள். பெல்ட்டின் கீழ்ப்பட்டை வயிற்றில் ஏறாமல் இடுப்பெலும்பில் படிய வேண்டும், மேல்பட்டை கழுத்தில் உரசாமல் தோள்பட்டை நடுவில் வர வேண்டும். முந்தானையைப் பெல்ட்டுக்கு மேலே எடுத்து விட்டுக்கொண்டால் கசங்கவும் கசங்காது. பேரனுக்குக் குழந்தை இருக்கை வாங்கிவிடுங்கள், புது வண்டி என்றால் அதை மாட்ட ஐசோஃபிக்ஸ் கொக்கி பின் சீட்டிலேயே இருக்கும்.

புது வண்டிக்கு முன்னால் கிராஷ் கார்டும், சீட்டுக்கு லெதர் கவரும் போடலாம் என்கிறார் ஆக்சசரீஸ் கடைக்காரர். போடட்டுமா?
— வாசகர், திருப்பரங்குன்றம்

கிராஷ் கார்டு வேண்டவே வேண்டாம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே அது சட்டவிரோதம் என்று மாநிலங்களுக்கு எழுதியது. நசுங்க வேண்டிய இடத்துக்கு முன்னால் இரும்புக் குழாயை மாட்டினால் மோதலின் அடி நேராக சேஸிஸுக்கு, அதாவது வண்டியின் அடிச்சட்டத்துக்குப் போகும், ஏர்பேக் விரிய வேண்டிய நேரமும் குழம்பலாம். நடந்து போகிறவர் மேல் பட்டால் அவர் கதி இன்னும் மோசம். பெல்ட் போடாமலே பீப் சத்தத்தை நிறுத்துகிற கிளிப்பை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

சீட் கவர் போடலாம், ஆனால் முதலில் முன்சீட்டின் கதவோரப் பக்கத்தில் 'ஏர்பேக்' என்று தைத்த சின்னத் துணிச்சீட்டு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பக்கவாட்டு ஏர்பேக் அங்கிருந்துதான் வெளியே வரும். அந்த இடத்தை மூடாத, அல்லது அந்தத் தையல் மட்டும் சட்டென்று பிரிகிற மாதிரி செய்த கவராகக் கேட்டு வாங்குங்கள்.