வாசலில் கொட்டும் சருகு: கொளுத்தலாமா, தென்னைக்குப் போடலாமா?

கேள்வி: ஐயா, பொள்ளாச்சிப் பக்கம் தோட்டத்திலேயே குடியிருக்கிறோம். வீட்டைச் சுற்றி நான்கு வேம்பு, இரண்டு நாட்டு வாதுமை, வேலியோரம் தேக்கு. அடுத்தாற்போல 60 தென்னை. மாசி பிறந்ததிலிருந்து வாசல் முழுக்கச் சருகுதான். கூட்டக் கூட்டக் கொட்டுகிறது. 7 வயதுப் பையனும் 4 வயதுப் பெண்ணும் சீமாற்றைத் தூக்கிக்கொண்டு கூடவே வருகிறார்கள். மாமனார் குவித்துக் கொளுத்தச் சொல்கிறார். தென்னைக்குப் போடலாமா? பூச்சி, கறையான் வருமா? பிள்ளைகளை இந்த வேலையில் சேர்க்கலாமா?

பதில்: அம்மா, கொளுத்த வேண்டாம். மாமனார் சொல்வதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. சாம்பலில் பொட்டாஷ் என்கிற சாம்பல் சத்து உண்டு, குப்பையும் ஒரே நாளில் தீர்ந்துவிடும். ஆனால் தழைச்சத்து புகையோடு போய்விடுகிறது. மண்ணைப் பொலபொலப்பாக வைக்கும் மட்கு உரமும் கிடைக்காமல் போகிறது. அந்தப் புகை சின்னப் பிள்ளைகள் நெஞ்சுக்குள் போவதை நினைத்தாலே எனக்குப் பொறுக்கவில்லை.

பிள்ளைகள் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தாராளமாகச் சேருங்கள், ஆனால் முதல் கை உங்களுடையதாக இருக்கட்டும். இன்று உதிர்ந்த சருகு வேறு, ஒரு வாரமாகச் சுவரோரம் ஒதுங்கிக் கிடக்கும் சருகு வேறு. அதன் அடியில் நிழலும் குளிர்ச்சியும் இருப்பதால் தேளும் பூரானும் வந்து அடைந்துகொள்ளும். சுருட்டை விரியன் சருகு நிறத்திலேயே இருக்கும், பக்கத்தில் போனாலும் சட்டென்று கண்ணில் படாது. அதனால் வெளிச்சம் நன்றாக வந்த பிறகு, நீளக் கைப்பிடி உள்ள வாரியால் ஓரத்துச் சருகை எல்லாம் வாசல் நடுவுக்கு இழுத்து மெல்லிசாகப் பரப்பிவிடுங்கள். அப்புறம் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். காலில் மூடின செருப்போ ஷூவோ இருக்கட்டும். கையை விட்டு அள்ள வேண்டாம். குவியலில் குதிக்க ஆசைப்படுவார்கள். அவர்கள் கண் முன்னால் அன்றைக்குக் குவித்ததில் குதிக்கட்டும், நேற்றைய குவியலில் கூடாது.

மீறி ஏதாவது கொட்டிவிட்டால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். செந்தேள் கொட்டிய குழந்தைக்கு வியர்த்துக் கொட்டி, வாந்தி வந்து, கைகால் சில்லிட்டால் அது உயிருக்கே ஆபத்து. பாம்பு என்றால் கட்டுப் போடுவது, கீறுவது இரண்டும் கூடாது. கடிபட்ட கை காலை அசைக்காமல் தூக்கிக்கொண்டு நேராக அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

சரி, இனி சருகுக்கு வருவோம். வேப்பிலை சிறியது, சீக்கிரம் மட்கும். வாதுமையும் தேக்கும் அப்படியில்லை. முழு இலையாகப் போட்டால் தட்டு மேல் தட்டு அடுக்கினது போல ஒன்றன் மேல் ஒன்று படிந்துகொள்ளும், தண்ணீர் வழிந்தோடிவிடும், அடியில் காற்றும் போகாது. அவற்றை நொறுக்கித்தான் போட வேண்டும். இதைவிடப் பிள்ளைகளுக்குப் பொருத்தமான வேலை கிடையாது. காய்ந்த வாதுமை இலையைச் சாக்கின் மேல் பரப்பி மிதிக்கச் சொல்லுங்கள். நொறுங்குகிற சத்தத்துக்காகவே அரை மணி நேரம் மிதிப்பார்கள். உள்ளங்கை அகலச் சிவப்பு இலை நகத்துணுக்கு அளவுக்கு வந்துவிடும்.

நொறுக்கியதில் பாதியைத் தென்னைக்கு மூடாக்காகப் போடுங்கள். மரத்தைச் சுற்றி 6 அடி ஆரத்துக்கு வட்டப்பாத்தி இருக்குமல்லவா, முதலில் தண்ணீர் பாய்ச்சி, ஈரம் இருக்கும்போதே அரை அடி கனத்துக்குப் பரப்புங்கள். தண்டை ஒட்டி ஓர் அடி விட்டுவிடுங்கள். பங்குனி, சித்திரை வெயிலில் பாத்தி வெடிக்காமல் இருக்கும். கறையான் வரும்தான், காய்ந்த சருகு அதற்குத் தீனி. காய்க்கிற மரத்துக்கு அதனால் பெரிய பாதகம் இல்லை. ஆனால் புதிதாக வைத்த கன்றுகளின் பக்கம் காய்ந்த சருகைப் போடாதீர்கள்.

மீதிச் சருகை மட்க வைக்கலாம். ஒரு சாண் சருகு, அதன் மேல் கரைத்த சாணம், கொஞ்சம் தோட்டத்து மண் என்று மாற்றி மாற்றி 3 அடி உயரத்துக்கு அடுக்குங்கள். கைப்பிடி அள்ளிப் பிழிந்தால் விரல் நனைய வேண்டும், தண்ணீர் ஒழுகக் கூடாது. ஈரம் அவ்வளவு போதும்.

நீங்கள் பூச்சி என்று கேட்டீர்கள், கவனிக்க வேண்டியது இந்தக் குவியலைத்தான். சாணமும் ஈரமும் கலந்து மட்குகிற இடம் காண்டாமிருக வண்டுக்கு முட்டை வைக்க ரொம்பப் பிடித்தமானது. தோப்பில் மட்டை விரியும்போது விசிறியைக் கத்தரியால் வெட்டினது போல இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வண்டு ஏற்கெனவே குருத்தைக் குடைந்திருக்கிறது என்று அர்த்தம். தென்னைக்கு மட்கு போடப் போய் வண்டை வளர்த்துவிட்டவர்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் இதற்கு வழி இருக்கிறது. இந்த வண்டு புழுவாக இருக்கும் காலமே மூன்று மாதத்துக்கு மேல். மாதம் ஒருமுறை குவியலை அடிவரை புரட்டி, அகப்படும் புழுவை எடுத்துவிட்டால் அது வண்டாக முடியாது. புழு கட்டை விரல் பருமன் இருக்கும், வெண்மஞ்சள் உடம்பு, பழுப்புத் தலை, வளையம் போலச் சுருண்டு கிடக்கும். வாரியால் நீங்கள் புரட்டுங்கள். தள்ளி நின்று கண்டுபிடித்துச் சொல்வது பிள்ளைகளின் வேலை, கோழிகளை அவிழ்த்துவிட்டால் மிச்சத்தை அவை பார்த்துக்கொள்ளும். புழு நிறைய அகப்பட்டால் மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சைத் தூளை வாங்கித் தண்ணீரில் கலந்து குவியலில் தெளியுங்கள். அது புழுவின் மேல் வளர்ந்து கொன்றுவிடும். தோப்பில் விழுந்து மட்கிக் கிடக்கும் தென்னங்கட்டைகளையும் அப்புறப்படுத்துங்கள். அங்கேயும் இதே வண்டுதான் பெருகும்.

முதல் புரட்டலைப் பங்குனிக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். வேப்பஞ்சருகு ஆனிக்குள் கறுத்து, மண்வாசனை வந்துவிடும். தென்னைக்கு உரம் வைக்கும் சமயமும் அதுதான். மரத்துக்கு ஆண்டுக்கு 50 கிலோ தொழுவுரம் என்பது கணக்கு, அதில் ஒரு பங்குக்கு இந்த மட்கைப் போடலாம். தேக்கிலை மட்க இன்னும் இரண்டு மூன்று மாதம் பிடிக்கும், அதைத் தனிக் குவியலாக வைத்துவிடுங்கள்.