அட்லாண்டாவுக்குப் புதிதாக வந்தவருக்கு: பக்கத்துத் தெரு சோல் ஃபுட் கடைக்குப் போகலாமா?

தம்பி, உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். வேலைக்காக அட்லாண்டா வந்து சில மாதங்கள் ஆகின்றன. வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு கறுப்பினக் குடும்பம் புதிதாக சோல் ஃபுட் உணவகம் திறந்திருக்கிறது. சோல் ஃபுட் என்பது அமெரிக்கத் தெற்குப் பகுதிக் கறுப்பின மக்களின் வீட்டுச் சமையல். நீங்கள் கோழியும் மீனும் சாப்பிடுவீர்கள், மாடும் பன்றியும் வேண்டாம். உங்கள் மனைவி சைவம், முட்டை மட்டும் சேர்த்துக்கொள்வார். நம் ஆட்கள் சிலர், "அங்கே நமக்கு ஒன்றும் கிடைக்காது, எல்லாம் எண்ணெய், வருகிற கூட்டமும் சரியிருக்காது" என்று சொல்லித் தடுத்திருக்கிறார்கள். போகலாமா, போனால் என்ன வாங்குவது என்று கேட்கிறீர்கள்.

போங்கள். தள்ளிப் போடாமல் இந்த மாதமே போங்கள். குடும்பமாக நடத்தும் கடைக்கு முதல் சில மாதங்கள்தான் கண்டம். வாடகை ஓடிக்கொண்டே இருக்கும், ஆள் வந்து பழகியிருக்க மாட்டார்கள். பக்கத்தில் குடியிருப்பவர் மாதம் இரண்டு தடவை வந்தாலே அவர்களுக்குத் தெம்பு.

"கூட்டம் சரியிருக்காது" என்ற பேச்சைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது என்னை உண்மையிலேயே வருத்தப்பட வைக்கிறது. பல வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன். அப்படிச் சொல்கிறவர்களில் பெரும்பாலோர் அந்தக் கடைகளுக்குள் கால் வைத்ததே இல்லை. பழகிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போய்ப் பாருங்கள். தேவாலயத்திலிருந்து நேராக வந்த பாட்டிகள் தொப்பியோடு உட்கார்ந்திருப்பார்கள், பேரப்பிள்ளைகள் கோட்டு போட்டுக்கொண்டு சாப்பிடுவார்கள். அதுதான் அந்தக் கூட்டம். சுத்தத்தைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் ஊர்ப் பேச்சைக் கேட்க வேண்டியதில்லை. ஜார்ஜியாவில் ஒவ்வொரு உணவகமும் சுகாதாரத் துறையின் ஆய்வு அறிக்கையைக் கண்ணில் படும் இடத்தில் மாட்டியாக வேண்டும். நூற்றுக்கு 90 அல்லது அதற்கு மேல் என்றால் ஏ, 80 முதல் 89 வரை என்றால் பி. எந்த நாட்டுச் சாப்பாட்டுக் கடையாக இருந்தாலும் நான் அதைத்தான் பார்க்கிறேன்.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1946-ல் குடியேற்றச் சட்டம் தளர்ந்த பிறகும் இந்தியாவிலிருந்து ஆண்டுக்கு 100 பேர்தான் இங்கே குடியேறலாம் என்று இருந்தது. 1964-ல் குடிமை உரிமைச் சட்டம் வந்தது, 1965 ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம், அதே ஆண்டு அக்டோபரில் குடியேற்றச் சட்டம். பிறந்த நாட்டை வைத்து ஆளை எண்ணி விடும் முறை, கறுப்பின மக்கள் நடத்திய குடிமை உரிமைப் போராட்ட அலையில்தான் ஒழிந்தது. அந்த வழியில்தான் என் தலைமுறை வந்தது, நீங்களும் வந்திருக்கிறீர்கள்.

அந்தப் போராட்டத்துக்குச் சோறு போட்டவை இதே மாதிரிக் குடும்பக் கடைகள். நம் அட்லாண்டாவிலேயே 1947-ல் ஜேம்ஸ், ராபர்ட் என்ற அண்ணன் தம்பி இருவர் பாஸ்கல்ஸ் என்று ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை போட்டார்கள். பொரித்த கோழிக்குப் பேர் போன கடை. மார்ட்டின் லூதர் கிங்கும் அவரோடு இருந்தவர்களும் அங்கே கூடித்தான் பல விஷயங்களைப் பேசி முடிவெடுத்தார்கள். மறியலில் கைதாகி வெளியே வந்த மாணவர்களுக்கு அங்கே காசு வாங்காமல் சாப்பாடு போட்டார்கள். அதே 1947-ல் லூசி ஜாக்சன் என்ற அம்மா தொடங்கிய பிஸி பீ கஃபே இன்றும் நடக்கிறது. 2022-ல் அதற்கு அமெரிக்க உணவகங்களுக்கான பெரிய விருதான ஜேம்ஸ் பியர்ட் விருது கிடைத்தது. பக்கத்து மாநிலமான அலபாமாவில், பேருந்தில் கறுப்பினத்தவரைப் பிரித்து உட்கார வைத்ததை எதிர்த்து மாண்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பு 381 நாள் நடந்தபோது, ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்கார அம்மா, மற்றப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு கோழிச் சாப்பாடும், 'பை' என்ற மாவுப் பலகாரமும், கேக்கும் விற்றுப் போராட்டத்துக்குப் பணம் கொடுத்தார். வேலை போனதும் தன் வீட்டு அடுப்படியிலேயே சமைத்து விற்றார். இதெல்லாம் தெரிந்து உட்கார்ந்தால் அந்தத் தட்டின் மேல் தானாக ஒரு மரியாதை வரும்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம்.

அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களுக்குப் பண்ணை முதலாளிகள் அளந்து கொடுத்தது மக்காச்சோள மாவும் உப்புக்கண்டப் பன்றியும் கொஞ்சம் வெல்லப்பாகும்தான். மற்றதை அவர்களே குடிசையோரத்தில் பயிரிட்டும் ஆற்றில் பிடித்தும் சேர்த்துக்கொண்டார்கள். நாம் வாங்கும் காராமணியின் பிறப்பிடம் ஆப்பிரிக்கா. வெண்டைக்காயும் ஆப்பிரிக்காவிலிருந்துதான் இங்கே வந்தது. கரோலினா, ஜார்ஜியா கடலோரத்தில் நெல் விளைந்ததே மேற்கு ஆப்பிரிக்க விவசாயிகளின் கைத்திறனால். 1910-லிருந்து 1970 வரை சுமார் 60 லட்சம் கறுப்பின மக்கள் தெற்கை விட்டு சிகாகோ, டெட்ராய்ட், நியூயார்க் என்று போனபோது இந்தச் சமையலும் கூடவே போனது. சோல் ஃபுட் என்ற பெயர் பரவலானது 1960-களில்.

கடைக்குள் போனதும் பெரும்பாலும் ஒரு நீளமான கவுண்ட்டர் இருக்கும், சூடான தட்டங்களில் பதார்த்தங்கள் வரிசையாக இருக்கும். ஒரு இறைச்சி, கூடவே இரண்டு அல்லது மூன்று பக்கப் பதார்த்தம், ஒரு துண்டு கார்ன்பிரெட் என்ற மக்காச்சோள மாவு ரொட்டி: இதுதான் ஒரு சாப்பாடு. இறைச்சி வேண்டாம் என்றால் பக்கப் பதார்த்தங்கள் மட்டும் நான்கு வைத்த தட்டு பல கடைகளில் உண்டு. முதலில் வணக்கம் சொல்லுங்கள், அப்புறம் ஆர்டர் சொல்லுங்கள். தெற்கில் இது முக்கியம். பெரியவர்களை 'மேம்', 'சர்' என்றே பேசுங்கள். அவர்கள் உங்களை 'பேபி', 'ஹனி' என்று கூப்பிட்டால் அது நம் ஊரில் 'கண்ணு' என்பது போலத்தான், கூச்சப்பட வேண்டாம்.

உங்கள் மனைவி விஷயத்தில்தான் கவனம் வேண்டும். பார்க்கக் கீரை, பயறு என்று இருப்பவை எல்லாம் சைவம் அல்ல. காலர்ட் கீரையைப் புகையூட்டிய பன்றிக் காலோடு மணிக்கணக்கில் வேகவைப்பார்கள். இப்போது பல கடைகளில் பன்றிக்குப் பதில் புகையூட்டிய வான்கோழிக் கழுத்து போடுகிறார்கள். அது உங்களுக்கு ஆகும், அவருக்கு ஆகாது. காராமணி, பீன்ஸ், முட்டைக்கோஸ் எல்லாவற்றிலும் இதே கதை. "இது வெஜிடேரியனா?" என்று கேட்டால், மேலே துண்டு தெரியாததால் சிலர் ஆமாம் என்று சொல்லிவிடுவார்கள். அதனால், "இதை எந்த இறைச்சியோடாவது வேகவைத்தீர்களா, இறைச்சிச் சாறு சேர்த்தீர்களா?" என்று கேட்கச் சொல்லுங்கள். கார்ன்பிரெட்டில் பன்றிக் கொழுப்பு உண்டா என்றும் கேட்க வேண்டும். வெண்டைக்காய்ப் பொரியலை மீனும் கோழியும் பொரித்த எண்ணெயிலேயே போட்டிருப்பார்கள். அது பரவாயில்லையா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

அவருக்கு நம்பி வாங்கக்கூடியது மாக் அண்ட் சீஸ், அதாவது மக்ரோனியும் சீஸும் சேர்த்தது. இங்கே அதை அடுப்பில் வைத்துச் சுட்டெடுப்பார்கள், மேலே மொறுமொறுவென்று ஆடை கட்டியிருக்கும். ஓரத்துத் துண்டு கிடைத்தால் அதிர்ஷ்டம். அப்புறம் கேண்டிட் யாம். பெயர் எப்படி இருந்தாலும் அது சர்க்கரைவள்ளிக்கிழங்குதான், வெண்ணெயும் சர்க்கரையும் பட்டையும் ஜாதிக்காயும் போட்டது. மேலே மார்ஷ்மெல்லோ வைத்திருந்தால் அதில் ஜெலட்டின் இருக்கும், இல்லாததாகக் கேளுங்கள். உருளைக்கிழங்கு சாலட்டில் முட்டை உண்டு, அவருக்குச் சரிதான். முழுக்கச் சைவமான சோல் ஃபுட்டும் இந்த நகரத்துக்குப் புதிதல்ல. வெஸ்ட் எண்ட் பகுதியில் பல வருடமாக அதற்கென்றே கடை இருக்கிறது. கறுப்பின முஸ்லிம்கள் செய்யும் பீன் பை என்ற இனிப்பையும் கண்டால் விடாதீர்கள், வெள்ளை பீன்ஸை மசித்துச் செய்வது.

உங்களுக்கு என் சிபாரிசு கேட்ஃபிஷ், நம் ஊர்க் கெளுத்தி வகை மீன். மக்காச்சோள மாவில் புரட்டிப் பொரித்தது. முழு மீன் கேட்டால் முள்ளோடு வரும், ஃபில்லே என்றால் முள் இருக்காது. கோழியோ மீனோ, கேட்ட பிறகுதான் பொரிப்பார்கள் என்றால் 20 நிமிடம் ஆகலாம். அந்தக் காத்திருப்பை ஒரு நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆக்ஸ்டெயில் என்பது மாட்டு வால், நெக் போன் பெரும்பாலும் பன்றி, சிட்லின்ஸ் பன்றிக்குடல். இந்த மூன்றையும் தெரிந்து வைத்துக்கொண்டால் போதும். காரம் குறைவாகத்தான் இருக்கும். புகை, உப்பு, நிதானமான வேக்காடு, இதுதான் இந்தச் சமையலின் கைவரிசை. மேசையில் ஹாட் சாஸும், பச்சை மிளகாய் ஊறிய வினிகரும் இருக்கும். அந்த வினிகரைக் கீரை மேல் நாலு சொட்டு விட்டு, கீழே தேங்கிய சாற்றில் கார்ன்பிரெட்டைத் தோய்த்துச் சாப்பிடுங்கள். அந்தச் சாற்றுக்குப் பாட்லிக்கர் என்று பெயர். எனக்கு மொத்தத் தட்டில் அதுதான் உயிர்.

போன கோடையில் எங்கள் பக்கம் இதே மாதிரி ஒரு குடும்பம் கடை திறந்தது. அம்மா அடுப்படியில், மகன் கல்லாவில், மருமகள் பரிமாறுகிறார். நாங்கள் போனது சனிக்கிழமை மூன்று மணிக்கு. ஆக்ஸ்டெயில் தீர்ந்துவிட்டது, பலகையில் எழுதியிருந்த இரண்டு பதார்த்தங்கள் அன்று செய்யவே இல்லை. என் மனைவியும் சைவம் என்றதும் மருமகள் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, முட்டைக்கோஸ் மட்டும் வெறும் வெண்ணெயில் வதக்கியது, காராமணியில் வான்கோழி உண்டு என்று தெளிவாகச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாவே கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். அவர் தங்கை இறைச்சியை விட்டுவிட்டாராம், அவருக்காகத்தான் அந்த முட்டைக்கோஸ். என் மனைவியிடம், அடுத்த முறை வருவதற்கு முன்னால் போன் செய்தால் கீரையையும் தனியாக வைக்கிறேன் என்றார். மீன் வந்தது, உடைத்தால் ஆவி பறந்தது. காலர்ட் கீரை நான் இந்த ஊரில் சாப்பிட்டதிலேயே சிறந்தது, கசப்பு கொஞ்சம் இருந்தது, அது இருக்கத்தான் வேண்டும். காராமணியில் உப்பு தூக்கல். யாம் எனக்குத் திகட்டியது. மகன் வந்து எப்படி இருந்தது என்று கேட்டபோது இரண்டையும் அப்படியே சொன்னேன். நன்றி சொல்லிக் குறித்துக்கொண்டார். புதுக் கடைக்காரருக்கு இப்படி முகத்துக்கு நேரே சொல்வதுதான் உதவி. வீட்டுக்கு வந்து இணையத்தில் ஒரு நட்சத்திரம் போடுவது பிழைப்பைக் கெடுக்கும் வேலை.

நம்மவர்களிடம் ஒரு குறை உண்டு, அதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்லாமல் பத்துப் பேராகப் போய் நிற்பது, ஒரு தட்டு வாங்கி நாலு காலித் தட்டு கேட்பது, டிப்ஸ் வைக்காமல் எழுந்து வருவது. குடும்பக் கடையில் இது நேரடியாக அவர்கள் வயிற்றில் அடிக்கிறது. மேசைக்கு வந்து பரிமாறினால் 18 முதல் 20 சதவீதம் வையுங்கள். கவுண்ட்டரில் வாங்கினாலும் டிப்ஸ் ஜாடியில் ஏதாவது போடுங்கள்.

ஸ்வீட் டீயில் சர்க்கரை மிக அதிகம். 'ஹாஃப் அண்ட் ஹாஃப்' என்று கேட்டால் இனிப்பு டீயும் இனிப்பில்லாத டீயும் பாதிக்குப் பாதி கலந்து தருவார்கள். கடைசியில் பீச் காப்ளர் (பீச் பழத்தின் மேல் மாவு வைத்துச் சுட்ட இனிப்பு) ஒன்று வாங்கி இருவரும் பகிர்ந்துகொள்ளுங்கள். மேல் மாவில் பன்றிக் கொழுப்பு இல்லையே என்று அதற்கும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். உங்கள் அப்பாவோ அம்மாவோ ஊரிலிருந்து வரும்போது ரத்தக்கொதிப்பு இருந்தால், உப்பை நினைத்து அளவாக வாங்கிக் கொடுங்கள்.

முதல் தடவை ஞாயிறு மதியம் வேண்டாம், கூட்டத்தில் கேள்வி கேட்க நேரம் கிடைக்காது. வார நாளில் மதியம் போங்கள். பல கடைகளுக்குத் திங்கள் விடுமுறை, போன் செய்துவிட்டுக் கிளம்புங்கள். பழகிய பிறகு ஜனவரி 1 அன்று கட்டாயம் போக வேண்டும். அன்றைக்குக் காராமணியும் கீரையும் கார்ன்பிரெட்டும் சாப்பிட்டால் வருடம் முழுக்கக் கையில் காசு தங்கும் என்பது தெற்கத்தியர் நம்பிக்கை. அன்று வரிசை தெருவரை நிற்கும். டிசம்பர் கடைசி வாரத்திலேயே சொல்லி வையுங்கள், உங்கள் மனைவிக்கு இறைச்சி சேராத காராமணி ஒரு டப்பா தனியாக எடுத்து வைக்கச் சொல்லி.