அடிக்காமல் மூன்றாம் வகுப்பை அடக்குவது எப்படி?

கேட்டவர் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் போலிருக்கிறது. “பிள்ளைகள் சொன்ன பேச்சே கேட்பதில்லை, கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டது” என்கிறார். எனக்கும் முதல் வருடம் தொண்டை போனது.

ஏற்காட்டில் ஒரு மலைக்கிராமத் தொடக்கப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். ஈராசிரியர் பள்ளி. ஒன்று முதல் மூன்று வரை என் அறையில்தான், பாய் விரித்து உட்கார்ந்திருப்பார்கள். சேர்ந்த புதிதில் காப்பித் தோட்டத்து லயனிலிருந்து (தொழிலாளர் குடியிருப்பு வரிசை) வரும் ஒரு பையனைத் தினமும் வெளியே நிற்க வைத்தேன். பக்கத்தில் இருப்பவளைக் கிள்ளுவான், சாக்பீஸை உடைத்து எறிவான். அவன் அம்மாவே வந்து, “கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க டீச்சர்” என்றார். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை. நிற்க வைப்பதும் அந்தப் பிரிவில் வரும் மன உளைச்சல்தானே என்று எனக்கும் அன்று உறைக்கவில்லை.

பிறகு ஒரு வாரம், சண்டையோ அழுகையோ வந்த நேரத்தை மட்டும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்தேன். யார் செய்தது என்று எழுதவில்லை, மணி மட்டும்தான். பாதிக்கு மேல் ஒரே மாதிரி இருந்தது: நான் ஒரு குழுவை விட்டு அடுத்த குழுவுக்குத் திரும்பிய அந்த இரண்டு மூன்று நிமிடம். அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில், பிள்ளைகள் எவ்வளவு கற்றிருக்கிறார்கள் என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்து உட்கார வைக்கிறோம் அல்லவா? நான் அரும்போடு ‘அ’ எழுதிக்கொண்டிருக்கும்போது மலர்க் குழு வேலையை முடித்துவிட்டுச் சும்மா இருக்கும். நம்ம பையன் மலர். கெட்டிக்காரன், சீக்கிரம் முடித்துவிடுவான். அவ்வளவுதான் விஷயம்.

இப்போது திரும்புவதற்கு முன்பே அடுத்த வேலையைச் சுவரில் எழுதிவிடுவேன். குழந்தைகள் கைக்கெட்டும் உயரத்தில் சுவரைச் சுற்றிக் கரும்பலகை பூசியிருக்கிறார்கள், அதில் ஆளுக்கொரு கட்டம். முடித்தவன் போய்த் தன் கட்டத்தில் எழுதலாம், வரையலாம், கேட்க வேண்டியதில்லை. கிள்ளல் அடியோடு நிற்கவில்லை, குறைந்தது.

குறித்ததில் இன்னொன்று பதினொரு மணி அழுகை. அது பசி. காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் வீட்டில் விடியலிலேயே கிளம்பிவிடுவார்கள். 2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்த பிறகு, உப்புமா தின்றுவிட்டு உட்காரும் பிள்ளையிடம் அந்தச் சிணுங்கல் இல்லை. அதற்கு முன் எத்தனை பேரை வீணாகத் திட்டியிருப்பேனோ.

பனிமூட்டம் இறங்கும் நாட்கள் தனிக்கதை. வெளியே விட முடியாது, ஜன்னலைச் சாத்தினால் இருட்டு, அறை முழுக்க இரைச்சல். அன்றைக்குக் கத்தினால் நம் குரலும் அதோடு சேர்ந்துவிடும். நான் மெதுவாக ஒரு விடுகதை போடுவேன், முதல் வரிசைக்கு மட்டும் கேட்கிற மாதிரி. “அடி காட்டிலே, நடு மாட்டிலே, நுனி வீட்டிலே, அது என்ன?” பின்னால் இருப்பவர்கள் “என்னங்க டீச்சர், என்னங்க டீச்சர்” என்று முட்டி போட்டு நகர்ந்து வருவார்கள்.

விடை நெல்: அடித்தாள் வயலிலே, வைக்கோல் மாட்டுக்கு, மணி வீட்டுக்கு. மலையில் அது யாருக்கும் வரவில்லை. ஒருவன் காப்பி என்றான், எல்லாரும் சிரித்தார்கள். ஒரு பெண் சாமை என்றாள். யோசித்துப் பார்த்து, சரி என்று சொல்லிவிட்டேன்.